சுவர் இடிக்கும் கட்டணம்

பிப்ரவரி 3

மதிப்புக்குரிய விற்பனையாளர் ஐயா அவர்களுக்கு,

துணி தேய்க்கும் உங்களுடைய ஸ்டீம் பிரஸ்ஸை இணைய ஏலத்தில் எடுத்த லாண்டரிக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், நான் இந்தக் கடிதத்தை முடிக்கும் வரையாவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரஸ்ஸுக்கு அவ்வளவு விலை கிடைத்ததற்குக் காரணம் அதன் தரம் இல்லை. கடைசியில் மல்லுக்கு நின்றது இரண்டே பேர். ஒருவன் நான், கடையில் அழுக்கு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு. இன்னொருவர் யாரோ பெரிய முதலாளி என்று நினைத்தேன். நான் ஏற்ற ஏற்ற அந்த ஆளும் ஏற்றினார். விடுவேனா. ஜெயித்துவிட்டு வீட்டுக்குள் போய், "ஒரு கிறுக்கன் கடைசி வரைக்கும் விடல. மண்ணைக் கவ்வ வச்சுட்டேன்" என்றேன். என் வீட்டுக்காரி அடுப்படியில் கைபேசியும் கையுமாக நின்றாள். "எனக்கும்தான் ஒரு கிறுக்கன் வந்து வாய்ச்சான்" என்றாள். எனக்குத் தெரியாமல் ஏலத்தில் எடுத்து என் முன்னால் நிறுத்தி அசத்தலாம் என்று பார்த்திருக்கிறாள். அசத்திவிட்டாள்.

ஆகவே ஐயா, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கூடுதல் கட்டணம் கட்டியாகிவிட்டது. இது போதாதென்று மறுநாளே உங்களிடமிருந்து கைபேசிக்குக் கட்டணச் சீட்டு வருகிறது. பேக்கிங் கட்டணமாம், ஏற்றுக்கூலியாம், அனுப்புவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும் கட்டணமாம். ஏலப் பக்கத்தில் "வேறு செலவு எதுவும் இல்லை" என்று போட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறேன். எனக்குப் படிப்பு குறைவுதான். மூன்றாம் வகுப்பிலேயே நின்று வாத்தியாருக்கு நல்லது செய்தவன். ஆனால் "இல்லை" என்ற சொல்லை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் படித்துவிடுவேன்.

பேக்கிங் வேண்டாம். என் மச்சான் பார்சல் வண்டி ஓட்டுகிறவன், உங்கள் ஊர் வழியாகத்தான் தினம் போய் வருகிறான். பழைய போர்வையோடு வந்து அவனே கட்டி ஏற்றிக்கொள்வான்.

எனக்கு அந்த பிரஸ் அவசரம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு பெரிய ஓட்டலின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு எல்லாம் என் கடைக்கு வரப்போகின்றன. துவைக்க இயந்திரம் இருக்கிறது. தேய்க்க இருப்பது ஓர் இஸ்திரிப் பெட்டி, அதைப் பிடிக்க நான். பிரஸ் இல்லையென்றால் ஓட்டல் இல்லை. ஓட்டல் இல்லையென்றால் இந்தக் கடையை எத்தனை நாள் இழுப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஏலக்காரர்களின் செய்திப் பெட்டியில் எழுதினால் பாதியிலேயே போதும் என்கிறது. நான் ஆரம்பித்தால் அவ்வளவு சீக்கிரம் முடிக்கிறவன் இல்லை. சீட்டில் உங்கள் முகவரி இருந்தது, அதனால் தபால்.

இப்படிக்கு,
தன்னையே ஏலத்தில் தோற்கடித்த லாண்டரிக்காரன்


பிப்ரவரி 8

லாண்டரிக்காரருக்கு,

நான் ஐயா இல்லை. பெண்.

கடிதம் கிடைத்தது. உங்கள் வீட்டுச் சங்கதிகள் எனக்குத் தேவையில்லாதவை. உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

பழைய போர்வையில் கட்டி அனுப்புவதற்கு அது மெத்தை இல்லை. மரச்சட்டம் அடித்துத்தான் வெளியே போகும். மரச்சட்டத்துக்குத் தனிக் கட்டணம். கொதிகலனில் இருக்கும் தண்ணீரை வடித்துக் காயவைக்க வேண்டும். அதற்கும் தனி. இரண்டையும் சேர்த்துப் புதுச் சீட்டு அனுப்பியிருக்கிறேன்.

சம்மதமில்லையென்றால் சீட்டின் கீழே "வேண்டாம்" என்று இருக்கும் பொத்தானைத் தட்டிவிடுங்கள். ஏலத்தில் நீங்கள் கட்டிய முன்பணத்தை ஒரு காசு பிடிக்காமல் அன்றைக்கே திருப்பித் தருவேன்.

இப்படிக்கு,
இஸ்திரிக் கடைக்காரி


பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

ஐயா என்று எழுதியதற்கு மன்னியுங்கள். கறாரைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

உங்கள் வணக்கத்தை வீட்டுக்காரியிடம் சேர்த்தேன். "பார்த்தீங்களா, முகம் தெரியாதவங்களுக்குக்கூட என்மேல மரியாதை இருக்கு" என்று அன்று முழுக்க நிமிர்ந்தே நடந்தாள். அந்த நிமிர்வுக்கான கட்டணத்தை யார் தலையில் கட்டுவது என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மரச்சட்டம் நியாயம். ஒத்துக்கொள்கிறேன். மரம் வாங்கிய ரசீதைக் காட்டுங்கள், அதில் என்ன போட்டிருக்கிறதோ அதைத் தருகிறேன். தண்ணீர் வடிக்கும் கட்டணம் மட்டும் நடக்காது. திருகைத் திறந்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தண்ணீருக்கும் தெரியும். கஷ்டமாக இருந்தால் மச்சானோடு நானும் வருகிறேன், குடித்தே தீர்த்துவிடுகிறேன்.

ஓட்டல் மேலாளர் நேற்று கடைக்கு வந்து சுற்றிப் பார்த்தார். கண்ணாடி போட்ட ஆள், குரல் உயர்த்திப் பேசுவதில்லை, அதனாலேயே பயமாக இருக்கிறது. என் கையால் தேய்த்த விரிப்பு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது போதாதுங்க" என்றார். பிரஸ் வரப்போகிறது என்றேன். எங்கே வைப்பீர்கள் என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது, என் கடை வாசல் குறுகல். நான் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே போகிறேன்.

பயப்படாதீர்கள், அதற்கும் ஆள் பிடித்துவிட்டேன். கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்து, முதல் தேதிக்கு முந்தின நாள் வந்து வாசலை அகலப்படுத்தச் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டினார். அந்த ஆள் சொன்ன நாளில் சொன்ன இடத்துக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அது ஒன்றுதான் கவலை.

"வேண்டாம்" பொத்தானைத் தேடிப் பார்த்தேன். சின்னதாக, சிவப்பாக, அழகாக இருக்கிறது. தட்டப்போவதில்லை.

அன்புடன்,
லாண்டரிக்காரன்


பிப்ரவரி 16

லாண்டரிக்காரருக்கு,

உங்களுக்கு நான் அக்காவா தங்கையா என்று எப்படித் தெரியும்?

ரசீது அனுப்ப முடியாது. தண்ணீர்க் கட்டணத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. இந்த பிரஸ் உள்ளே வந்த பிறகுதான் எங்கள் கடையின் தெருப்பக்கச் சுவரைக் கட்டினார்கள். வாசல் வழியாக அது வெளியே வராது. சுவரை இடிக்க வேண்டும். இடித்த பிறகு கட்ட வேண்டும். சுவர் இடிக்கும் கட்டணமும் கட்டும் கட்டணமும் வாங்குகிறவருடையது. சீட்டு அனுப்பிவிட்டேன். தொகையைப் பார்த்துவிட்டு நிதானமாக முடிவு செய்யுங்கள்.

போன மாதமே இணைப்பைத் துண்டித்துவிட்டேன். குளிர்ந்துபோய் மூலையில் கிடக்கிறது. உங்களிடம் வந்து ஓடுமா என்பதற்கும் நான் பொறுப்பில்லை.

அப்படியே வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். மிதியை ஓங்கி மிதிக்கக் கூடாது. காலை வைத்தால் போதும், அதுவே இறங்கும். காலையில் சூடேறியதும் ஒரு பெருமூச்சு விடும். அதற்கு முன் எந்தத் துணியையும் வைக்காதீர்கள். முதலில் ஒரு பழைய துணியைக் கொடுத்துப் பாருங்கள், வெள்ளையை எடுத்தவுடனே நீட்டினால் அதற்குப் பிடிக்காது. வலது ஓரம் கொஞ்சம் சூடு கூடுதல். சட்டைக் காலரை அந்தப் பக்கம் வைத்தால் நன்றாக விழும்.

முன்பணம் தயாராக இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் போதும்.

இப்படிக்கு,
இஸ்திரிக் கடைக்காரி


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

அக்கா என்பது மரியாதைக்கு. வயதை அளந்து பார்க்க நான் தயாரில்லை, தோற்றாலும் தோற்றுவிடுவேன்.

சுவர்க் கட்டணத்தைப் பார்த்ததும் மச்சான் குதித்தான். "மாமா, இது ஏமாத்து வேலை. புகார் குடுங்க, படமெல்லாம் எடுத்து வச்சிருக்கீங்கல்ல" என்றான். நான் கேட்டேன், எந்த ஏமாற்றுக்காரனாவது ஒவ்வொரு கடிதத்திலும் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று கெஞ்சுவானா? வாங்கியதும் ஓடுகிறவனைத்தான் நான் பார்த்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டே துரத்துகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

பிறகு உங்கள் கடிதத்தை வீட்டுக்காரி வாங்கிப் பார்த்தாள். படிக்கவில்லை. விரலால் தடவினாள். "இந்தக் காகிதத்தைப் பாருங்க, இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு" என்றாள். சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். போட்ட மாதிரி இல்லை, போட்டதேதான். எழுதி முடித்ததும் பழக்க தோஷத்தில் வைத்து ஓர் அழுத்து அழுத்தியிருக்கிறீர்கள். கைப்பெட்டியில் தேய்த்திருந்தால் காகிதம் வழுவழுவென்று இருந்திருக்கும். இதில் பிரஸ்ஸின் மெத்தைத் துணியின் நெசவு முழுசாகப் பதிந்திருக்கிறது, ஒரே அழுத்தில், ஓரத்திலிருந்து ஓரம் வரை. அதுவும் வலது ஓரம் லேசாகப் பழுத்திருக்கிறது. வலது ஓரம் சூடு கூடுதல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

போன மாதமே குளிர்ந்துபோய் மூலையில் கிடக்கும் இயந்திரம், இந்த வாரம் உங்கள் தபாலைத் தேய்த்துக் கொடுத்திருக்கிறது. நல்ல இயந்திரம்தான்.

அக்கா, இனி விளையாட்டு வேண்டாம். சுவரும் இல்லை, மரச்சட்டமும் இல்லை. நான் கோபித்துக்கொண்டு "வேண்டாம்" என்று தட்ட வேண்டும், அதுதானே? விற்க மனமில்லாத பொருளை ஏன் ஏலத்தில் போட்டீர்கள்? உள்ளதைச் சொல்லுங்கள். எனக்கு முதல் தேதி நெருங்குகிறது. கேலி பேசுகிறவனும் ராத்திரியில் தேதியை எண்ணிக்கொண்டுதான் படுக்கிறான்.

அன்புடன்,
லாண்டரிக்காரன்


பிப்ரவரி 23

லாண்டரிக்காரருக்கு,

உங்களுக்கு ஏன் கோபமே வரமாட்டேன் என்கிறது என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு முன் இரண்டு பேர் ஏலத்தில் எடுத்தார்கள். ஒருவர் மரச்சட்டத்திலேயே ஓடிவிட்டார். இன்னொருவர் தண்ணீர் வடிப்பது வரை தாங்கினார். சுவர் வரைக்கும் வந்தது நீங்கள் ஒருவர்தான்.

ஏலத்தில் போட்டது நான் இல்லை. என் மகன். போன தடவை வந்தபோது என் கால் வீங்கியிருந்தது. "நின்னு நின்னு போதும்மா. கடையை மூடிட்டு எங்ககூட வந்து உட்காரு" என்றான். என் கைபேசியிலேயே எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டு, யாராவது வாங்கினால் சரி என்று தட்டு, அது போதும் என்று சொல்லிவிட்டுப் போனான். கெட்டவன் இல்லை. அன்பாகத்தான் என் கடையை விற்கிறான். அதனால்தான் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தட்டிப் பார்த்தபோது கூடுதல் கட்டணம் சேர்க்கிற இடம் ஒன்று இருந்தது. வாங்குகிறவர்களே வேண்டாம் என்றால் அவன் என்னை என்ன சொல்ல முடியும்?

அவன் வீட்டில் எனக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல அறை, சன்னல் வழியாகத் தெரு தெரியும். போன வருஷம் கொஞ்ச நாள் இருந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அவர்கள் வீட்டுத் திரைச்சீலைகளைக் கழற்றித் தேய்த்து மாட்டினேன். மருமகள் தங்கமான பெண், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் முறை கழற்றும்போது மட்டும், "அத்தை, அது நேத்துதான் தேய்ச்சீங்க" என்றாள்.

காலையில் கடையைத் திறந்ததும் அந்த பிரஸ் விடும் பெருமூச்சைக் கேட்டால்தான் எனக்கு அன்றைய பொழுது தொடங்கும். அது போனால் நான் அங்கே போய் உட்கார வேண்டியதுதான்.

உங்களுக்கும் அவசரம் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். "வேண்டாம்" என்று தட்டிவிடுங்கள். காகிதத்தைத் தேய்த்தது என் தப்பு.

இப்படிக்கு,
இஸ்திரிக் கடைக்காரி


பிப்ரவரி 25

அன்புள்ள அக்கா,

தபாலுக்கு நேரமில்லை. இதை மச்சான் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று முழுக்க உங்கள்மேல் கோபமாக இருந்தேன். இப்போதாவது உங்களுக்கு நிம்மதியா? ஓட்டல் கையை விட்டுப் போகப்போகிறது, இவருக்குத் திரைச்சீலைக் கவலை என்று வாய்விட்டே சொன்னேன். வீட்டுக்காரி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசியை நிறுத்தாமலே கேட்டாள்:

"ஓட்டல்காரர் உங்ககிட்ட என்ன கேட்டாரு? பிரஸ் கேட்டாரா, தேய்ச்ச விரிப்பு கேட்டாரா?"

விரிப்புதான் என்று ஒப்புக்கொண்டேன். எங்கள் வீட்டில் இது அபூர்வம்.

அதனால் கேளுங்கள். நான் துவைக்கிறேன், நீங்கள் தேய்க்கிறீர்கள். மச்சான் விடிகாலையில் உங்கள் ஊர் வழியாகப் போகிறான், சாயங்காலம் காலி வண்டியோடு திரும்புகிறான். போகும்போது மூட்டையை இறக்குவான், வரும்போது எடுத்துக்கொள்வான். இந்தக் கடிதத்தோடு ஒரு மூட்டை வந்திருக்கிறது. தேய்த்துக் கொடுத்துப் பாருங்கள். கூலியை நீங்களே சொல்லுங்கள். கூடுதல் கட்டணம் எதுவும் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், நான் பழகியவன்தான், இருந்தாலும்.

ஆனால் ஒரு விஷயம். "வேண்டாம்" என்று நான் தட்டமாட்டேன். நான் தட்டினால் பிரஸ் மறுபடியும் ஏலத்துக்குப் போகும். அடுத்து வருகிறவர் சுவரையும் தாங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? கூரைக் கட்டணமா? உங்கள் பக்கமும் ஒரு பொத்தான் இருக்கிறது, விற்பவர் விலகிக்கொள்வதற்கு. அதை நீங்கள்தான் தட்ட வேண்டும். தட்டிவிட்டு மகனுக்குச் சொல்ல வேண்டும், வாயால், உங்கள் வாயால். முகம் தெரியாத என்னிடமே சுவர் வரைக்கும் கறாராக நின்றீர்கள். நீங்கள் பெற்ற பிள்ளையிடம் நிற்க முடியாதா?

கால் வீக்கத்துக்கு: உயரமான முக்காலி ஒன்று மூட்டையோடு வருகிறது. மிதியில் காலை வைத்தால் போதும் என்று நீங்களே சொன்னீர்கள். உட்கார்ந்தும் வைக்கலாம்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

உங்கள் மச்சானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுக் காலை தட்டிவிட்டேன். விற்பவரே விலகியதற்காக ஏலக்காரர்கள் என் பெயருக்கு எதிரே இருந்த நட்சத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். இருந்ததே ஒன்றுதான். உங்கள் முன்பணம் உங்களுக்கு வந்திருக்கும், பாருங்கள்.

பிறகு மகனைக் கூப்பிட்டேன். "எனக்கு உட்கார வராதுப்பா. பிரஸ்ஸை விக்கல. கடையும் இருக்கும், நானும் இருப்பேன்" என்றேன். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றான். சொல்லியிருக்கலாம்தான். "அந்தச் சுவரை என்ன பண்ணப்போற, அதை வேற இடிக்கணும்னு போட்டிருந்தியே" என்றான். அவனும் சீட்டையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். எந்தச் சுவர் என்று கேட்டேன். சிரித்துவிட்டான். அவன் சிரித்துக் கேட்டு வெகுநாளாகிறது.

காலுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டான். ஒத்துக்கொண்டேன். ஒன்றையாவது காப்பாற்றுவேன்.

மூட்டையை முடித்துவிட்டேன். உங்கள் துவைப்பு பரவாயில்லை. உறைகளின் மூலைகளை இன்னும் கவனிக்க வேண்டும், சோப்பு தங்குகிறது. கூலிச் சீட்டு உள்ளே இருக்கிறது. கூடுதல் எதுவும் இல்லை. கறையோடு அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், அதற்குக் கட்டணம் உண்டு.

முக்காலி ஒரு பக்கம் ஆடியது. காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். மச்சான் கொடுத்த போர்வையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், மெத்தென்று இருக்கிறது. உங்கள் மனைவிக்கு என் அன்பு. பொத்தான் தைக்கும் கை நின்றுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்கா,

முன்பணம் வந்தது. பிடித்தமில்லாமல் வந்ததைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

நேற்று ஓட்டல் மேலாளர் வந்தார். நீங்கள் தேய்த்த விரிப்பை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பிடித்தார். "பிரஸ் எங்கே?" என்று கேட்டார். அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. ஓட்டல் மூட்டைகள் அத்தனையும் இறங்கிவிட்டன. இன்று காலை மச்சான் உங்களிடம் கொண்டுவந்தது அதில் பாதிகூட இல்லை, மீதியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஞாயிறு தவிர தினமும் வரும். உறை மூலைகளை இப்போது வீட்டுக்காரி தன் கையால் அலசுகிறாள். உங்கள் அன்பைச் சொன்னதிலிருந்து நான் சொல்வதை அவள் காதிலேயே வாங்குவதில்லை. அக்கா சொன்னாங்களா என்று மட்டும் கேட்கிறாள்.

முக்காலிக்கு முட்டுக் கொடுத்தது என்னுடைய எந்தக் கடிதம் என்று தெரிந்துகொள்ள ஆசை. நீளமானதாக இருந்தால் நல்லது, தாங்கும்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். கொத்தனார் முதல் தேதிக்கு முந்தின நாள், சொன்ன நேரத்துக்கு, ஆளோடும் கடப்பாரையோடும் வந்துவிட்டார். பிரஸ் வரவில்லை என்று அவரிடம் சொல்ல மறந்திருந்தேன். நானும் வீட்டுக்காரியும் ஓட்டலுக்குப் போயிருந்தோம். இந்தக் கடிதத்தை எழுதும்போது கடைக்கு முன்சுவர் இல்லை. தெருவில் போகிறவர்கள் நான் எழுதுவதை நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பேசியதைவிட அதிகமாக இடித்ததற்குக் கொத்தனார் கூடுதல் கட்டணம் கேட்கிறார்.

அன்புடன்,
தம்பி